குறைமாதச் சிசுவும் இன்ஃபுளுயென்ஸாத் தடுப்பு ஊசியும்: நாளைக் கணக்கிடும் முறை

குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கு இரண்டு வயதுகள் உண்டு. பிறந்த நாளிலிருந்து எண்ணப்படுவது ஒன்று. பிரசவம் நிகழ்ந்திருக்கவேண்டிய நாளிலிருந்து எண்ணப்படுவது மற்றொன்று. முன்னதைப் பிறப்பு வயது என்றும், பின்னதைத் திருத்திய வயது என்றும் கூறலாம். இருபத்தெட்டாவது வாரத்தில் பிறந்த ஒரு சிசு ஆறு மாதத்தை அடையும்போது, அதன் திருத்திய வயது ஏறத்தாழ மூன்று மாதங்களே ஆகும்.

இவ்விரு கணக்குகளுக்கும் தனித்தனிப் பயன் உண்டு. குழந்தை தலை நிமிர்த்தும் காலம், உட்காரும் காலம், நடக்கும் காலம், பேசத் தொடங்கும் காலம் ஆகியவற்றை மதிப்பிடுகையில் திருத்திய வயதையே கொள்ளவேண்டும். இரண்டு வயது நிறைவுறும் வரை இச்சலுகை அளிப்பது மருத்துவ வழக்கு. ஆனால் தடுப்பு ஊசிக்கு இச்சலுகை பொருந்தாது. அங்கே பிறந்த நாளே கணக்கின் தொடக்கம். இவ்வேற்றுமை அறியப்படாமையால், "குழந்தை இன்னும் சிறியது, சில மாதங்கள் போகட்டும்" என்று பெற்றோர் தயங்குகின்றனர், சில சமயங்களில் ஊழியரும் அதற்கு உடன்படுகின்றனர். பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் குழந்தையே இவ்வாறு பாதுகாப்பின்றி விடப்படுகிறது.

குறைமாதப் பிறப்பு என்பது யாது?

கர்ப்ப காலம் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து நாற்பது வாரங்கள் எனக் கணக்கிடப்படுகிறது. முப்பத்தேழு வாரங்கள் நிறைவுறுமுன் பிறக்கும் சிசு குறைமாதச் சிசு ஆகும். முப்பத்திரண்டு வாரங்களுக்கு முன் பிறப்பது மிகக் குறைமாதம். இருபத்தெட்டு வாரங்களுக்கும் முன் பிறப்பது அதனினும் குறைந்தது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம் சிசுக்கள் குறைமாதத்தில் பிறந்தன என்று உலக சுகாதார நிறுவனமும் அதனுடன் இணைந்த அமைப்புகளும் மதிப்பிட்டுள்ளன. பத்துப் பிறப்புகளில் ஒன்று இத்தகையது. எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கு உரியது. அவ்வாண்டில் இங்குப் பிறந்த குறைமாதச் சிசுக்கள் ஏறத்தாழ 30 லட்சம்.

முன்னாளில் இச்சிசுக்களில் பல பிழைப்பதில்லை. இன்றோ மாவட்ட மருத்துவமனைகளிலுள்ள சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பேணப்பட்டு, ஆயிரக்கணக்கானவை வீடு திரும்புகின்றன. மருத்துவமனையில் காப்பாற்றப்பட்ட உயிரை வீட்டிலும் கிராமத்திலும் காப்பது அடுத்த கடமை. இன்ஃபுளுயென்ஸாத் தடுப்பு அக்கடமையின் ஒரு பகுதி.

இந்நோய் இவர்களை வருத்துவது ஏன்?

பேச்சு வழக்கில் 'ஃப்ளூ' எனப்படும் இன்ஃபுளுயென்ஸா சாதாரண ஜலதோஷம் அன்று. அதனை உண்டாக்கும் வைரஸ் 1933ஆம் ஆண்டில் லண்டனில் முதன்முதலாக மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டது. ஆண்டுதோறும் மனிதரைத் தாக்குபவை அதன் ஏ, பி என்னும் இரு வகைகளாகும். நல்ல உடல்நலமுள்ள பெரியவரை அது சில நாள் படுக்கையில் கிடத்திவிட்டு நீங்கிவிடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையிடம் அது அவ்வாறு எளிதில் நீங்குவதில்லை. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, நுரையீரல். காற்றுச் சிற்றறைகள் பெருமளவில் தோன்றுவதும், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் போதிய அளவு சுரப்பதும் கர்ப்பத்தின் கடைசி வாரங்களிலேயே. அதற்குமுன் பிறந்த சிசுவுக்குப் பிராணவாயுவும், சுவாசக் கருவியின் துணையும் பல வாரங்கள் தேவைப்படலாம். அவ்வாறு பிழைத்த சிலருக்கு நாட்பட்ட நுரையீரல் நோய் எஞ்சி நிற்கிறது.

இரண்டாவது, சுவாசக் குழாய்களின் குறுகலான அளவு. பெரியவர் ஒருவருக்குச் சிறு தொல்லையாகத் தோன்றும் வீக்கமும் சளியும், இக்குழந்தையின் மெல்லிய குழாயை அடைத்துவிடப் போதுமானவை.

மூன்றாவது, தாயிடமிருந்து பெறும் எதிர்ப்புப் பொருள்களின் குறைவு. தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் நச்சுக்கொடி வழியாகச் சிசுவை அடைகின்றன. இது கர்ப்பத்தின் நான்காம் மாத அளவில் தொடங்கினும், பெரும்பங்கு கடைசி நான்கு வாரங்களிலேயே சென்று சேர்கிறது. நிறைமாதச் சிசுவின் இரத்தத்தில் இப்பொருள்களின் அளவு தாயினுடையதற்குச் சமமாகவோ சற்று மிகுந்தோ இருக்கும். முப்பது வாரங்களில் பிறந்த சிசுவிடம் அது தாயினுடைய அளவில் பாதியளவே இருக்கும். தாய் தரும் சீதனத்தை முழுவதும் பெறுமுன்பே இச்சிசு உலகிற்கு வந்துவிடுகிறது என்க.

ஆறு மாதம் என்ற வரையறை

இத்துணை ஆபத்து இருக்குமாயின் பிறந்தவுடனேயே தடுப்பு ஊசி போடலாகாதோ என்ற கேள்வி எழலாம். ஆறு மாதத்திற்கு உட்பட்ட சிசுக்களின் உடல் இத்தடுப்பு மருந்துக்குப் போதிய எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குவதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்களும் மருந்தின் செயலை ஓரளவு மங்கச் செய்கின்றன. ஆகவே ஆறு மாதத்திற்கு முன் இம்மருந்து எந்தச் சிசுவுக்கும் அனுமதிக்கப்படவில்லை.

ஆறு மாதம் என்பது பிறப்பு வயதேயன்றித் திருத்திய வயதன்று. இதற்கு அடிப்படை உண்டு. நோய் எதிர்ப்புச் சக்தி வளர்வது பெரும்பாலும் சிசு வெளியுலகைச் சந்தித்த நாளிலிருந்தே. தாய்ப்பாலும், காற்றும், கிருமிகளும் அன்று முதல் அதனைப் பழக்கத் தொடங்குகின்றன. 1000 கிராமும் அதற்குக் குறைந்த எடையும் கொண்டு பிறந்த குழந்தைகளையும், நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று. இத்தடுப்பு ஊசிக்குப்பின் குறைமாதக் குழந்தைகளிடம் தோன்றிய எதிர்ப்புப் பொருள்கள் நிறைமாதக் குழந்தைகளினுடையவற்றுக்குக் குறைந்தவையாக இல்லை என்று அது கண்டது.

நம் நாட்டின் பொதுத் தடுப்பு ஊசித் திட்டத்தில் 6, 10, 14ஆம் வாரங்களில் போடப்படும் ஊசிகளும் பிறந்த நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன. இன்ஃபுளுயென்ஸா ஊசிக்கு விதி வேறாகாது.

இரண்டு தவணைகள்

முதன்முறையாக இவ்வூசியைப் பெறும் சிறு குழந்தைக்கு ஒரு தவணை போதாது. முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் இடையே குறைந்தது நான்கு வாரங்கள் செல்லவேண்டும். இரண்டாம் தவணைக்குப்பின் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பாதுகாப்பு உருவாகும். ஏதேனும் காரணத்தால் இரண்டாம் தவணை தாமதமானால், முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டுவதில்லை. இயன்ற அளவு விரைவில் அதனைப் போட்டால் போதும். வைரஸ் ஆண்டுதோறும் தன் உருவை மாற்றிக்கொள்வதால், அடுத்த ஆண்டு முதல் ஆண்டிற்கு ஒரு தவணை தேவை. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இவ்வூசியை ஆண்டுதோறும் போடுமாறு பரிந்துரைக்கிறது.

குழந்தை எடையில் சிறியது என்பதற்காக மருந்தின் அளவைக் குறைப்பது தவறு. அந்தந்த மருந்துக்கு அவ்வயதிற்கென அச்சிடப்பட்ட அளவே குறைமாதக் குழந்தைக்கும் உரியது. ஊசி தொடையின் முன்புற வெளிப்பக்கத்தில் போடப்படும். மருந்து 2 முதல் 8 டிகிரி செண்டிகிரேடு குளிரில் காக்கப்படவேண்டும். உறைந்துபோன மருந்தைப் பயன்படுத்தலாகாது. மூக்கில் தெளிக்கும் உயிருள்ள வைரஸ் மருந்து இரண்டு வயதிற்கு உட்பட்டோருக்கு உரியதன்று.

பருவ காலமும் ஊசியும்

வயதை மட்டும் அறிந்தால் போதாது. நோய் பரவும் பருவத்தையும் அறியவேண்டும். இந்தியாவில் இது எல்லா இடங்களிலும் ஒரே மாதத்தில் வருவதில்லை. 2009 முதல் 2013 வரை பத்து நகரங்களில் 44,127 நோயாளிகளைச் சோதித்த ஆய்வொன்று 2015இல் வெளியிடப்பட்டது. அவர்களுள் 6,193 பேரிடம், அதாவது நூற்றுக்குப் பதினான்கு பேரிடம், இன்ஃபுளுயென்ஸா வைரஸ் காணப்பட்டது. டில்லி, லக்னோ, புனே, நாக்பூர், கல்கத்தா, திப்ருகர், ஆலப்புழை ஆகிய இடங்களில் நோய் ஜூலை முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழையுடன் உச்சத்தை அடைந்தது. வடகிழக்குப் பருவமழை பெறும் சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் உச்சம் காணப்பட்டது. ஸ்ரீநகரில் மட்டும் குளிர் நாடுகளைப் போல ஜனவரி முதல் மார்ச் வரை நோய் மிகுந்தது. மழைக்காலத்தில் நோய் மிகும் நகரங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும், குளிர்காலத்தில் மிகும் இடங்களில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் ஊசி போடுவது நலம் என்பது அவ்வாய்வின் முடிவு.

மருந்தில் எந்த வைரஸ் வகைகள் சேரவேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் ஆண்டில் இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், கூடி அறிவிக்கின்றனர். எனவே கையிலுள்ள மருந்து எந்தப் பருவத்திற்கு உரியது, அதன் காலக்கெடு எது என்பவற்றைப் பார்த்த பின்னரே அதனைப் பயன்படுத்தவேண்டும்.

மூன்று கணக்குகள்

இரு நாட்காட்டிகளையும் இணைத்துப் பார்க்கும் முறையைச் சில உதாரணங்களால் விளக்கலாம்.

நாக்பூர்ப் பகுதியில் ஒரு குழந்தை 28 வாரங்களில் ஜனவரி 10ஆம் நாள் பிறந்தது எனக் கொள்க. பிரசவத்திற்கு முதலில் குறிக்கப்பட்ட நாள் ஏப்ரல் 4. பிறப்பு வயதுப்படி ஆறு மாதம் நிறைவது ஜூலை 10. அன்று முதல் தவணையும், ஆகஸ்டு 7ஆம் நாள் இரண்டாம் தவணையும் போட்டால், ஆகஸ்டு மூன்றாம் வாரத்திற்குள் குழந்தை பாதுகாப்பை அடையும். திருத்திய வயதைக் கொண்டு எண்ணினால் முதல் தவணை அக்டோபர் 4ஆம் நாளும், இரண்டாவது நவம்பர் முதல் நாளும் ஆகும். அதற்குள் மழைக்காலமும் நோயின் உச்சமும் கடந்துவிடும். குழந்தை அவை முழுவதையும் பாதுகாப்பின்றிக் கழித்திருக்கும்.

வேலூரில் 30 வாரங்களில் பிப்ரவரி 20ஆம் நாள் பிறந்த குழந்தைக்கு ஆகஸ்டு 20, செப்டம்பர் 17 ஆகிய நாட்கள் உரியவை. அக்டோபர் பிறக்கும்போது குழந்தை ஆயத்தமாக இருக்கும். தவறான கணக்கின்படி முதல் தவணையே நவம்பர் முதல் நாளில்தான் வரும். இரண்டாவது தவணைக்குள் அம்மாதமே முடியும் தறுவாயில் இருக்கும்.

ஸ்ரீநகரில் 32 வாரங்களில் ஏப்ரல் 15ஆம் நாள் பிறந்த குழந்தைக்கு அக்டோபர் 15, நவம்பர் 12 ஆகியவை சரியான நாட்கள். திருத்திய வயதைப் பின்பற்றினால் இரண்டாம் தவணை ஜனவரி 7ஆம் நாள் வரும். அப்போது நோய்ப் பருவம் தொடங்கியிருக்கும்.

ஆறு மாதம் நிறையும் நாள் நோய்ப் பருவத்தின் நடுவில் வந்தாலும் ஊசியை ஒத்திப்போடலாகாது. எஞ்சிய வாரங்களுக்கேனும் பாதுகாப்பு கிடைப்பது நன்மையே. ஆறு மாதம் நிறைந்த நாள் பருவத்திற்கு முன் வருமாயின், பருவம் தொடங்குமுன் இரு தவணைகளும் முடியுமாறு திட்டமிடவேண்டும்.

ஆறு மாதம் வரை காவல் யாது?

நாக்பூர்க் குழந்தை ஜூலை 10 வரை தன்னளவில் பாதுகாப்பற்றது. அந்நாள் வரை அதனைக் காப்பவர் சுற்றியுள்ளோரே. வீட்டிலுள்ள தாய், தந்தை, பாட்டி, தாத்தா, மூத்த பிள்ளைகள் ஆகியோர் ஏப்ரல், மே மாதங்களிலேயே ஊசி போட்டுக்கொண்டால், நோய் வாயிற்படியைத் தாண்டுவது அரிதாகும். பாலூட்டும் தாய் இவ்வூசியைப் போட்டுக்கொள்வதில் தடை இல்லை.

இதனினும் சிறந்த வழி கர்ப்ப காலத்திலேயே தாய்க்கு ஊசி போடுவதாகும். 2012இல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளை இவ்வூசிக்கு முதன்மையான பிரிவினராகக் குறித்தது. பங்களாதேஷில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஊசி பெற்ற தாய்மாரின் சிசுக்களிடம் முதல் ஆறு மாதங்களில் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட இன்ஃபுளுயென்ஸா 63 விழுக்காடு குறைந்திருந்தது. தாயின் உடலில் எதிர்ப்புப் பொருள்கள் உண்டாக ஏறத்தாழ இரண்டு வாரங்களும், அவை சிசுவைச் சேர மேலும் சில வாரங்களும் வேண்டும். ஆகையால் முன்பு குறைமாதப் பிரசவம் கண்டவரும், இரட்டைக் கரு தாங்கியவரும் கடைசி மாதத்திற்கென ஊசியைத் தள்ளிவைத்தல் நன்றன்று. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் அதனைப் போடலாம்.

தாய்ப்பால், சிசுவைத் தாயின் மார்போடு அணைத்து வளர்க்கும் முறை, குழந்தையைத் தொடுமுன் சோப்பினால் கை கழுவுதல், இருமல் உள்ளவர் விலகியிருத்தல், அடுப்புப் புகையும் பீடிப் புகையும் இல்லாத அறை ஆகியவை செலவில்லாத காவல்கள்.

தயக்கங்களும் விடைகளும்

ஊசியினால் ஃப்ளூ ஜுரம் வந்துவிடும் என்ற அச்சம் பல வீடுகளில் உண்டு. குழந்தைகளுக்குப் போடப்படும் ஊசியில் உள்ளது செயலற்றதாக்கப்பட்ட வைரஸ். அதனால் நோய் உண்டாக இயலாது. போட்ட இடத்தில் சிவப்பும் வலியும், ஓரிரு நாள் இலேசான ஜுரமும் தோன்றி மறையலாம். இலேசான சளி ஊசிக்குத் தடையன்று. கடும் ஜுரமோ, மூச்சுத் திணறலோ உள்ளபோது குணமாகும் வரை காத்திருக்கவேண்டும். முன் தவணையில் கடுமையான ஒவ்வாமை கண்ட குழந்தைக்கும், ஆறு மாதம் நிறைந்தும் இன்னும் மருத்துவமனையில் உள்ள குழந்தைக்கும் மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

இவ்வூசி எல்லாச் சளியையும் தடுக்கும் என்று கூறலாகாது. வேறு பல வைரஸ்களும் சளியை உண்டாக்கும். ஊசி பெற்றும் சிலருக்கு இன்ஃபுளுயென்ஸா வரக்கூடும். எனினும் அது கடுமையாவது குறைகிறது. மெய்யை மெய்யாகக் கூறும் ஊழியரையே மக்கள் அடுத்த முறையும் நம்புவர்.

செலவைப் பற்றியும் மறைக்காமல் சொல்லவேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாக அளிக்கப்படும் தேசிய அட்டவணையில் இவ்வூசி இடம்பெறவில்லை. பல குடும்பங்கள் இரு தவணைகளையும் விலை கொடுத்தே பெறவேண்டியிருக்கும். நாளை முன்கூட்டியே அறிந்தால் பணத்தை முன்கூட்டியே சேர்க்க இயலும். வசதியற்ற வீட்டில் குறைமாதக் குழந்தை இருப்பின், மாவட்ட மருத்துவமனையில் உதவி கிடைக்குமா என விசாரித்துக் கூறுவது ஊழியர் செய்யத்தக்க பெருந்தொண்டு.

கள ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

மருத்துவமனையிலிருந்து குறைமாதச் சிசு வீடு வந்த அன்றே, தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் பிறந்த நாளையும் பிறந்த வாரத்தையும் பார்த்து, ஆறு மாதம் நிறையும் நாளையும், அதிலிருந்து இருபத்தெட்டாம் நாளையும் அட்டையிலேயே எழுதிவைக்கவேண்டும். ஆஷா ஊழியர் சிறு குழந்தைகளின் வீடுகளுக்கு 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் செல்லும் திட்டம் 2018இல் தொடங்கப்பட்டது. மூன்றாம் மாத வருகையில் நினைவூட்டி, ஆறாம் மாத வருகையில் உறுதிசெய்தால் நாள் தவறாது.

அவ்வருகைகளில் ஆபத்தின் அறிகுறிகளையும் கற்பிக்கவேண்டும். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட சிசு நிமிடத்திற்கு 60 தடவையோ அதற்கு மேலோ, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தை 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விடுதல், விலாவின் கீழ்ப்புறம் உள்வாங்குதல், பால் குடியாமை, உதடு நீலமாதல், மூச்சு இடையிடையே நின்றுபோதல் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு ஜுரமே இல்லாமலும் நோய் முற்றலாம்.

ஆசிரியருக்கும் இதில் பங்கு உண்டு. மழைக்காலத்தில் பள்ளியிலிருந்து நோயை வீட்டிற்குக் கொண்டுசெல்வோர் பெரும்பாலும் மாணவரே. வீட்டில் குறைமாதக் குழந்தை உள்ள மாணவன் யார் என்பதை ஆசிரியர் அறிந்திருந்தால், இருமுகையில் வாயை மூடுதல், வீடு சென்றதும் கை கழுவிய பின்பே தம்பி தங்கையைத் தூக்குதல் ஆகிய பழக்கங்களை அவனுக்கு வற்புறுத்தலாம். உயர் வகுப்புகளில் மேலே காட்டிய நாட்கணக்குகளையே கணிதப் பயிற்சியாகக் கொடுக்கலாம். பிறந்த நாள் இது, பிறந்த வாரம் இது, ஊசிக்குரிய நாட்கள் யாவை என்று கேட்டால், அவ்விடை சில வீடுகளில் உண்மையாகவே தேவைப்படும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை நடக்கப் பிந்தினால் பெற்றோர் பொறுத்திருக்கட்டும். பேசப் பிந்தினாலும் பொறுத்திருக்கட்டும். தடுப்பு ஊசியில் மட்டும் பொறுத்திருத்தல் ஆகாது. அதற்குரிய நாள் குழந்தை பிறந்த அன்றே நிச்சயிக்கப்பட்டுவிட்டது. அந்நாளை அட்டையில் குறித்து வைப்பதும், அது வரும்போது குழந்தையை ஊசி போடும் இடத்திற்கு அழைத்து வரச் செய்வதும் ஊழியரின் பொறுப்பாகும்.